மறதியைச் சுகர் கணக்கில் எழுதிவிடலாமா?

தி.நகரிலோ ராயப்பேட்டையிலோ ஏதாவதொரு சுகர் கிளினிக்குக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கப்போகும் அடுத்த ரத்தத்துக்காக ஒரு கூட்டம் காத்திருக்கும். அதில் பலர் நோயாளிகள் அல்லர், துணைக்கு வந்தவர்கள். பழைய ரிப்போர்ட்டுகளை அடுக்கிய பிளாஸ்டிக் ஃபைல் அவர்கள் மடியில்தான் இருக்கும். எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே டாக்டர் எண்களைப் பார்க்கிறார். மூன்று மாதச் சராசரி, கிரியேட்டினின், கொழுப்பு. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, கண்ணைக் காட்டியாயிற்றா என்று கேட்கிறார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது மனைவி தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார்: "இவருக்கு ஞாபகமே இருக்கறதில்ல டாக்டர். மாத்திரைய போட்டுட்டு, போட்டேனா போட்டேனான்னு திரும்பத் திரும்பக் கேக்கறார்." பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "வயசாகுதில்லம்மா, சுகர் வேற இருக்கு." அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 1999-லேயே சொல்லிவிட்டது. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சர்க்கரை கெடுக்கிறது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் செய்யும் அதே வேலைதான். லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் வெளியிட்ட பட்டியலில், சரிசெய்தால் டிமென்ஷியாவைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ வழிவிடும் 14 காரணங்களில் சர்க்கரை நோயும் ஒன்று.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'சுகர்' என்ற ஒரு சொல் கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரருக்கு ஏன் மறக்கிறது என்று மனைவி கேட்டார். அவருக்குக் கிடைத்ததோ ஏற்கெனவே தெரிந்த நோயின் பெயர். காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை, கண்டுபிடித்தது போன்ற ஒரு நிம்மதி மட்டும் எல்லோருக்கும். மறதியைச் சுகர் கணக்கில் எழுதுகிறவர்கள் சுகர் சிகிச்சையையாவது அந்த மறதிக்கேற்ப மாற்றுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. நேற்றுவரை தந்த அதே மாத்திரை, அதே அளவு, அதே இலக்கு.

சென்னைக்கு இது பெருமை சேர்க்கும் விஷயம் அல்ல. நாட்டிலேயே முதன்முதலாகச் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவை டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் தொடங்கியது இங்கே, ஸ்டான்லி மருத்துவமனையில். 1954-இல் அவர் ராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் உலகம் பேசிய ஐ.சி.எம்.ஆர். ஆய்வை முன்னின்று நடத்தியதும் சென்னையின் ஆராய்ச்சி மையம்தான். அந்தக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கும் மேல் சர்க்கரை நோய். சர்க்கரை நோயாளி என்றால் காலைப் பார், கண்ணைப் பார், சிறுநீரைப் பார் என்று இந்த ஊர் மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறார்கள். நினைவைப் பார் என்பது மட்டும் அந்தப் பழக்கத்தில் சேரவில்லை.

இத்தனைக்கும் மூளையைத் தட்டிப் பார்க்க மருத்துவருக்குச் சுத்தியல் வேண்டாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை இரண்டு நிமிடம் பேசவிட்டால் போதும்.

டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் நோயின் கதையே ஒரு கணவரின் புகாரில்தான் தொடங்குகிறது. 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு 51 வயதான அகுஸ்ட டெட்டர் என்ற பெண்மணியைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவருடைய கணவர் கார்ல், ரயில்வே எழுத்தர். மனைவிக்குத் திடீர்ச் சந்தேகங்கள், வீட்டு வேலையில் தடுமாற்றம், பொருள்களை எங்கெங்கோ ஒளித்துவைப்பது, மறதி. இவற்றையெல்லாம் முதலில் கவனித்தவர் அவர்தான். டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்த குறிப்புகளும், 1906-இல் அந்தப் பெண்மணி இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்ததும், அதே ஆண்டு அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரையும் அதன் பின்னால் வந்தவை.

உறவினர் சொல்வதைக் கேட்பதில் சென்னைக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. உலக டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவீதம்கூட இல்லை என்ற மனக்குறையோடு '10/66' என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஆய்வுக் குழு புறப்பட்டது. இந்தியாவில் அது நகர்ப்புறத்துக்குச் சென்னையையும், கிராமப்புறத்துக்கு வேலூர்ப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. முதியவரிடம் தனியாகக் கேள்விகள், அவரை நன்கறிந்த உறவினரிடம் தனியாகக் கேள்விகள், இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு. 2008-இல் லான்செட்டில் வந்த அதன் முடிவு யோசிக்கவைப்பது. வழக்கமான மேலைநாட்டு அளவுகோலை வைத்து அளந்தால் இந்தியாவில் டிமென்ஷியா மிகவும் குறைவாகத் தெரிந்தது. குழுவே வகுத்த அளவுகோலில் எண்ணிக்கை கூடியது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக அவர்கள் சுட்டியது: இங்கே உறவினர்கள் முதியவரின் நினைவு குறைந்ததையோ, அன்றாடக் காரியங்களில் அவர் பின்தங்கியதையோ ஒரு குறையாகச் சொல்வதே குறைவு.

மயிலாப்பூர், மந்தைவெளிக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஓய்வுபெற்ற மனிதர் காலையில் எழுந்ததும் காபி கைக்கு வருகிறது. குளித்து வந்தால் வேட்டி எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. மாத்திரை தண்ணீரோடு வருகிறது. மின்சாரக் கட்டணத்தைப் பிள்ளை வெளியூரிலிருந்தே செலுத்திவிடுகிறான். இப்படிப்பட்டவருக்கு மூளையில் கால்வாசி இருட்டினாலும் வெளியே தெரிய வேண்டிய அவசியமே இல்லை. போதாக்குறைக்கு, படித்த உத்தியோகஸ்தர் டாக்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்றைக்கு என்ன தேதி என்ற கேள்விக்கு ஆங்கிலத் தேதியோடு தமிழ்த் தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது ஓய்வுபெற்ற ஆடிட்டருக்கு ஒரு பரீட்சையா? நினைவுச் சோதனையில் முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எந்த வழியாக வந்தோம் என்று மனைவியைக் கேட்பார்.

பெண்களுக்கு வந்தால் கதை வேறு. சமையலறை எதையும் மறைக்காது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுகிறது, பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வீசுகிறது, நேற்று வாங்கிய அதே கத்தரிக்காய் இன்றும் வாங்கப்படுகிறது. ஆனால் அங்கே அதைக் கவனித்துச் சொல்ல வேண்டிய கணவருக்கு, நாற்பது வருடமாக அந்த அறையில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. "அவளுக்கு இப்பல்லாம் கவனமே இல்ல" என்பதோடு சரி.

அறுபதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. ஒவ்வொருவருக்கும் பின்னால் பதில் கிடைக்காமல் டோக்கனோடு திரும்பிய ஒரு மனைவியோ கணவரோ இருக்கக்கூடும்.

சரி, தேடினால் என்ன கிடைக்கும்? சர்க்கரை நோயாளியின் மறதிக்கு, சர்க்கரையைவிட எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்கள் அவருடைய மாத்திரைச் சீட்டிலேயே பல சமயம் ஒளிந்திருக்கும்.

மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்வோம். மலிவானது, நல்லது, உலகமெங்கும் முதல் வரிசை மருந்து. ஆனால் பல வருடம் தொடர்ந்து சாப்பிடும்போது உணவிலிருந்து பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சுவதை அது குறைக்கிறது. இது புதிய செய்தியும் அல்ல. நெதர்லாந்தில் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்த ஆய்வொன்று 2010-இல் இதை உறுதிசெய்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல், பி12 குறைபாட்டை மெட்ஃபார்மினின் 'பரவலான' பக்கவிளைவாகவே அறிவித்தது. பி12 இயற்கையில் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பாலில். முட்டையும் தொடாத மயிலாப்பூர், மாம்பலச் சைவக் குடும்பத்தில், சர்க்கரைக்குப் பயந்து பாலையும் குறைத்துக்கொண்ட எழுபது வயதுக்காரருக்கு, பத்து வருட மெட்ஃபார்மின். கூடவே நெஞ்செரிச்சலுக்கென்று தினமும் வெறும் வயிற்றில் ஒரு பான்டாபிரசோல். அதுவும் பி12-ஐக் குறைக்கும். இப்படியொரு மனிதருக்கு மறதி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எது என்று மருத்துவம் படிக்காதவரே சொல்லிவிடலாம். இன்னொரு சங்கடம்: பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், எரியும். சர்க்கரை நோயிலும் அதேதான். எரிச்சல் முழுவதையும் சுகரின் தலையில் கட்டிவிட்டு பி12-ஐப் பார்க்காமலே விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

அந்தக் கால் எரிச்சலுக்கு ராத்திரி போடச் சொல்லித் தரும் சின்ன மாத்திரை அடுத்த சந்தேக நபர். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் எரிச்சலைத் தணிக்கும். ஆனால் மூளையில் நினைவுக்கு வேண்டிய ஒரு ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும் குணமும் அவற்றுக்கு உண்டு. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை என்று மருத்துவர்களின் பட்டியல்களே சொல்கின்றன. தூக்கம் வரவில்லை என்று எப்போதோ ஆரம்பித்து நிறுத்தாமல் விட்ட அல்பிரசோலம், சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் தரும் மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாததற்கான மாத்திரை என்று வரிசை நீள்கிறது. நான்கு டாக்டர்கள் நான்கு சீட்டு எழுதியிருப்பார்கள். நான்கையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்த ஒரே ஆள் வீட்டிலிருக்கும் மனைவிதான்.

மீதியையும் சொல்லிவிடலாம்: தைராய்டு குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, குளியலறையில் வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து மண்டைக்குள் தேங்கும் ரத்தம். எல்லாமே கண்டுபிடிக்கக்கூடியவை, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ ஆள் மாறிப்போனால் அது டிமென்ஷியாவின் நடை அல்ல. பக்கவாதமோ, சிறுநீர்த் தொற்றோ, சர்க்கரை மிகவும் ஏறியதோ இறங்கியதோ காரணமாக இருக்கலாம். அதற்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்கக் கூடாது, அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

இறங்கும் சர்க்கரையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். சுகர் ஏறினால் குடும்பமே பதறுகிறது. இறங்கினால் யாருக்கும் அவ்வளவு பயமில்லை. மூன்று மாதச் சராசரி 6.2 என்று வந்தால் பிளஸ் டூ ரிசல்ட் போல அமெரிக்கப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் போகிறது. எழுபத்தைந்து வயதில், மறதியும் சேர்ந்தவருக்கு, மாத்திரையோ இன்சுலினோ போட்டுப் பெற்ற 6.2 கவலைப்பட வேண்டிய எண்ணாகவும் இருக்கலாம். அது சராசரிதான். விடியற்காலை மூன்று மணிக்கு 50-க்கு இறங்கியதும் அந்தச் சராசரிக்குள்ளேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் 16,000-க்கும் அதிகமான வயதான சர்க்கரை நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, மருத்துவமனைக்குப் போகுமளவு சர்க்கரை இறங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுவதையும், எத்தனை தடவை இறங்கியதோ அதற்கேற்ப அது ஏறுவதையும் காட்டியது. இதில் ஒரு சுழல் இருக்கிறது. சர்க்கரை இறங்குவது மூளையைக் கெடுக்கிறது, மூளை கெட்டவர் சாப்பிட்டதை மறந்து மாத்திரையை மட்டும் போடுகிறார், அல்லது போட்டதை மறந்து இரண்டாவது முறை போடுகிறார், மறுபடி இறங்குகிறது. இளையவருக்கு வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். முதியவருக்கு அந்த எச்சரிக்கை மணி அடிக்காமலே போகலாம். சிடுசிடுப்பு, பேச்சுக் குழறல், விழித்துக்கொண்டே இருந்தும் பதில் இல்லாமை, இவ்வளவுதான் வெளியே தெரியும். மறதிக்காரர் வீட்டில் இதையும் மறதியின் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள்.

அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கமே முதியவர்களுக்குக் கயிற்றைத் தளர்த்துகிறது. ஆரோக்கியமான முதியவருக்கு மூன்று மாதச் சராசரி 7 முதல் 7.5-க்குக் கீழே, நினைவுத் தடுமாற்றம் உள்ளவருக்கு 8-க்குக் கீழே என்றால் போதும், மிகவும் தளர்ந்தவருக்கு அந்த எண்ணையே துரத்த வேண்டாம், இறங்காமலும் மிக ஏறாமலும் பார்த்துக்கொண்டால் சரி என்கிறது அதன் வழிகாட்டல். பழைய கிளிபென்கிளமைடு மாத்திரையை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லி எத்தனையோ காலம் ஆயிற்று. சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும் வாய்ப்பு குறைந்த மாற்று மருந்துகள் இருக்கின்றன. "என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் குறைஞ்சிருக்கு, அவர் சுகர் எவ்வளவு இருந்தாப் போதும்?" என்று ஒரு மனைவி கேட்டால், அந்தக் கேள்வியில் மருத்துவருக்கே ஒரு நினைவூட்டல் இருக்கிறது.

இதற்கிடையில் சந்தை சும்மா இருக்குமா? அல்சைமரை 'மூன்றாம் வகைச் சர்க்கரை நோய்' என்று 2005-இல் ஓர் ஆய்வுக் குழு குறிப்பிட்டது. இன்சுலின் மூளையில் சரியாக வேலை செய்யாதது பற்றிய சுவாரசியமான கருதுகோள் அது. ஆனால் மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட நோய்ப்பெயர் அல்ல. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெயும் வல்லாரை மாத்திரையும் விற்பவர்களிடம், சுகர் மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கும் குடும்பங்கள் சென்னையில் குறைவில்லை. வல்லாரைத் துவையலைத் தாராளமாகச் சாப்பிடலாம். இன்சுலினை நிறுத்தும் முடிவை அந்தக் கடைக்காரரிடம் விட வேண்டாம்.

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகும் காரணம் தெரியாமல் போகலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'வயதுக்கேற்ற சுருக்கம், சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள்' என்று இரண்டு வரி இருக்கும். அறுபதைத் தாண்டிய பலருக்கும் இருக்கும் வரிகள். நரம்பியல் டாக்டர் ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார். அவர் சொல்வது நியாயம்தான். மறதி எந்தத் திசையில் போகிறது என்பதைக் காலம்தான் காட்டும். ஆனால் அந்த ஆறு மாதத்தை வீட்டில் கழிக்கப்போகிறவருக்கு, பெயர் தெரியாவிட்டாலும் இன்று ராத்திரி மாத்திரை கொடுத்தாக வேண்டும்.

அந்த வீடுகளில் முதலில் மாற வேண்டியது மாத்திரை டப்பாவின் இடம். பல தம்பதிகளில் இருவருக்குமே சுகர். ஒரே அலமாரியில் இரண்டு பேரின் அட்டைகள் கலந்து கிடக்கும். ஏழு நாள், மூன்று வேளை என்று கட்டம் போட்ட டப்பாக்கள் ஆளுக்கொரு நிறத்தில் மருந்துக்கடையிலேயே கிடைக்கின்றன. காலிக் கட்டம் சாட்சி சொல்லும், வாக்குவாதம் வேண்டியதில்லை. இன்சுலின் பேனா குளிர்சாதனப் பெட்டியில் அவர் கை நீளும் தட்டில் இருக்கக் கூடாது. ஊசி போடும் வேலை மனைவியிடம் வர வேண்டும். இதைச் சொல்வது சுலபம். முப்பது வருடம் கம்பெனியில் நூறு பேரை அதட்டிய மனிதரிடமிருந்து பேனாவை வாங்குவது சுலபமல்ல. சில வீடுகளில் டாக்டர் வாயால் ஒரு தடவை சொல்ல வைத்துத்தான் அந்தக் காரியம் நடக்கிறது.

சாப்பாட்டில் இன்னும் கஷ்டம். சாப்பிட்டுக் கையலம்பி அரை மணிக்குள் "எனக்கு யாருமே சோறு போடல" என்று உட்கார்ந்தால், மறுத்துச் சண்டை போட்டுப் பயனில்லை என்பதை அனுபவப்பட்டவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதலிலேயே கொஞ்சம் குறைத்துப் பரிமாறி, மீதியை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்கிறார்கள். மோர், வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடிச் சுண்டல் என்று தயாராக இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. சாப்பிடவே மறுக்கும் நாளில், சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையை என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி அலமாரியில் ஒட்டிவைக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால், விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்ப்பது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைப்பது. இதையும் அதே தாளில் எழுதிவைக்கலாம்.

பிள்ளைகளை நம்பவைப்பது இன்னொரு பாரம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அப்பா பத்து நிமிடம் அழகாகப் பேசிவிடுவார். பேரன் பெயரைச் சொல்லாமல் 'ராஜா' என்று சமாளிப்பார். "அப்பா நல்லாத்தானே பேசறார், நீதான் பயந்துக்கற" என்பார்கள். பார்த்துக்கொள்கிறவரின் பொறுமையைத் திரையில் ரசிப்பது சுலபம். மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' 2015-இல் வந்தபோது, நினைவு கலையும் மனைவியாக லீலா சாம்சன் நடித்தார். பிரகாஷ்ராஜ் நடித்த அந்தக் கணவரின் பொறுமையைப் பார்த்துத் தியேட்டரே உருகியது. நிஜத்தில் அந்தப் பொறுமைக்கு வயது எழுபத்திரண்டு, முட்டி வலி, அதற்கும் சுகர். பகலில் நான்கு மணி நேரம் வேறு யாராவது பார்த்துக்கொண்டால்தான் அதுவும் தாங்கும். அந்த நான்கு மணி நேரத்தைக் கேட்டு வாங்குவதைச் சுயநலம் என்று நினைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசுவதும் அப்படித்தான் அபசகுனமாகத் தோன்றும். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும், கையெழுத்துப் போடுகிறவருக்கு இன்னும் புரிந்துகொள்ளும் தெளிவு இருக்கும்போதே. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அது செல்லாமல் போகும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு சொல்கிறது. தேவைப்படும் நேரத்தில்தான் அது கையைவிட்டுப் போகும். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நியமிக்கும் பிரதிநிதி சிகிச்சை பற்றித்தான் பேச முடியும், வீட்டை விற்க முடியாது. 2024-இல் சென்னைப் பெண்மணி ஒருவர், கோமாவில் கிடந்த கணவரின் சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் அவருடைய சொத்தை விற்க அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு அவரையே பாதுகாவலராக நியமித்து, 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு வைக்கச் சொல்லி அனுமதித்தது. டிமென்ஷியாவுக்கும் சட்டத்தில் இதே வெற்றிடம்தான். முன்னாள் மத்திய அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்கு அல்சைமர் வந்தபோது அவரை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கே மனைவியும் சகோதரர்களும் டெல்லி உயர் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. அதிகாரமும் செல்வாக்கும் இருந்த வீட்டிலேயே இந்த நிலை. வங்கிக் கணக்கை 'இருவரில் ஒருவர்' இயக்கும்படி மாற்றுவது, நாமினியைச் சரிபார்ப்பது, உயில் எழுதுவது எல்லாம் மறதி லேசாக இருக்கும் நாளிலேயே முடிய வேண்டிய வேலைகள்.

அரசு என்ன செய்யலாம்? புதிதாகக் கட்டடம் கேட்க வேண்டியதில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்துவிட்டது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு டிமென்ஷியாவுக்கென்று தனிப் பிரிவே நடத்துகிறது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் நாடு முழுக்க இருக்கிறது. கேரளம் 2014-லேயே 'ஸ்மிருதிபதம்' என்ற பெயரில் மாநில அளவில் டிமென்ஷியா திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிடம் ஏற்கெனவே ஒரு வசதி இருக்கிறது: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. நொச்சிக்குப்பம் குடியிருப்பிலும் சைதாப்பேட்டைச் சந்திலும் சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் பெண் தன்னார்வலர் இதில் இருக்கிறார். சர்க்கரையைக் குத்திப் பார்க்கிறார், எண்ணைப் பதிவுசெய்கிறார்.

அவருடைய பதிவேட்டில் அறுபது கடந்தவர்களுக்கென்று இன்னும் மூன்று கட்டங்கள் சேர்த்தால் போதும். மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? கடந்த மாதம் சர்க்கரை இறங்கி மயக்கமோ குழப்பமோ வந்ததா? ஆறு மாதத்துக்கு முன்பைவிட மறதி கூடியிருக்கிறதா? மூன்றாவது கேள்வியை நோயாளியிடம் கேட்கக் கூடாது, கதவருகே நின்று மாத்திரையை வாங்கிக்கொள்கிறவரிடம் கேட்க வேண்டும். 'ஆம்' என்று பதில் வந்தால் பி12, தைராய்டு, சோடியம் மூன்றுக்கும் ரத்தம் எடுத்து, மாத்திரைச் சீட்டு முழுவதையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருமுறை பார்த்து, சர்க்கரை இலக்கைத் திருத்தி எழுத வேண்டும். அதே மூன்று கேள்விகளைத் தி.நகரின் தனியார் கிளினிக்குகளும் தங்கள் அட்டையில் அச்சடிக்கலாம். காலைப் பார்க்கும் நேரத்தைவிட அதற்கு அதிக நேரம் பிடிக்காது.